பத்து வாக்கு, ஒரு வாக்காளர்: ஹம்பர்க் தேர்தல் சீர்திருத்தத்தின் கணக்கு

2011 பிப்ரவரி 20, ஞாயிற்றுக்கிழமை. ஹம்பர்க் நகரத்து வாக்குச்சாவடிகளில் அன்று வாக்காளர் கையில் கொடுத்தது சீட்டு அல்ல, புத்தகம். அதுவும் நான்கு புத்தகங்கள். மஞ்சள் புத்தகத்தில் கட்சிகளின் மாநிலப் பட்டியல்கள். சிவப்புப் புத்தகத்தில் தொகுதி வேட்பாளர்கள். அதே நாளில் நடந்த வட்டார மன்றத் தேர்தலுக்கென்று இன்னும் இரண்டு. ஒவ்வொரு புத்தகத்திலும் ஐந்து பெருக்கல் குறி போடலாம் என்பதால் ஒரு வாக்காளருக்கு மொத்தம் இருபது குறிகள். மாதிரிப் புத்தகங்களை முன்கூட்டியே வீடுகளுக்கு அனுப்பியிருந்தார்கள். வந்து பார்த்துக் குழம்பாமல், வீட்டிலேயே புரட்டிப் பழகிக்கொண்டு வரட்டும் என்பது எண்ணம்.

ஹம்பர்க் ஜெர்மனியின் இரண்டாவது பெரிய நகரம். அதுவே ஒரு மாநிலமும்கூட. அதன் சட்டமன்றத்துக்கு பூர்கர்ஷாஃப்ட் என்று பெயர், 121 இடங்கள். சட்டமன்றத்துக்கு மட்டும் பத்து வாக்கு என்ற இந்த முறைக்கு முன்னால் ஒரு ஹம்பர்க்வாசிக்கு எத்தனை வாக்கு இருந்தது? ஒன்று. 2004 வரை முழு நகரமும் ஒரே தொகுதி. கட்சி தன் பட்டியலை வரிசைப்படுத்தி வைக்கும். வாக்காளர் கட்சியின் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். முப்பதாவது இடத்தில் இருப்பவரைப் பிடிக்கும், மூன்றாவது இடத்தில் இருப்பவரைப் பிடிக்காது என்றால் அதைச் சொல்ல வழியே கிடையாது. யார் எம்.எல்.ஏ. என்பது வாக்குச்சாவடிக்கு முன்பே, கட்சியின் உட்கூட்டத்தில் முடிவாகிவிடும்.

அந்த உட்கூட்டங்கள் எப்படி நடந்தன என்பதற்கு நீதிமன்றச் சாட்சியே உண்டு. 1991இல் நடந்த ஹம்பர்க் தேர்தலை 1993 மே மாதம் மாநில அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. கள்ள ஓட்டோ பெட்டித் திருட்டோ காரணமல்ல. கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம், அதாவது சி.டி.யூ., தன் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்த விதம் ஜனநாயகமாக இல்லை என்பதுதான் தீர்ப்பு. ஒரு கட்சியின் உள்வீட்டுக் குறைக்காக மாநிலம் முழுவதும் மறுபடியும் தேர்தலுக்குப் போனது. வழக்கை நடத்தியவர்களில் முன்னணியில் இருந்த மார்குஸ் வேக்னர், அதே கட்சியிலிருந்து வந்தவர், ‘ஷ்டாட் பார்ட்டை’ என்றொரு அமைப்பைத் தொடங்கினார். பெயரே ‘கட்சிக்குப் பதிலாக’ என்று பொருள்படும். 1993 செப்டம்பர் மறுதேர்தலில் அது 5.6 சதவீதம் வாங்கி உள்ளே நுழைந்தது. பிறகு வந்த சீர்திருத்தத்தை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் 2004இலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு அதன் விதை இந்தத் தீர்ப்பில் கிடப்பதாகத் தோன்றுகிறது. மூடிய பட்டியலின் சாவி யார் கையில் இருக்கிறது என்று நகரம் வாய்விட்டுக் கேட்டது அப்போதுதான்.

2004இல் அந்தக் கேள்வி வாக்கெடுப்பாக மாறியது. ‘மெர் டெமோக்ராட்டீ’, அதாவது ‘இன்னும் கூடுதலாக ஜனநாயகம்’ என்ற இயக்கம் ஒரு சட்ட வரைவை எழுதி மக்கள் முன் வைத்தது. சட்டமன்றம் தன் பங்குக்கு ஒரு மாற்று வரைவை வைத்தது. ஜூன் 13, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் நாளன்றே வாக்கெடுப்பு. இயக்கத்தின் வரைவுக்கு 66.5 சதவீதம் ஆதரவு. அதன்படி நகரம் பதினேழு தொகுதிகளாகப் பிரியும். ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள். 71 இடங்கள் தொகுதிகளுக்கு, மீதி 50 மாநிலப் பட்டியலுக்கு. தொகுதிக்கு ஐந்து வாக்கு, பட்டியலுக்கு ஐந்து வாக்கு. ஐந்தையும் ஒருவருக்கே கொட்டலாம். ஐந்து கட்சிக்காரர்களுக்கு ஆளுக்கொன்றாகவும் பிரித்துக் கொடுக்கலாம்.

குவிப்பதும் கலப்பதும் ஜெர்மனிக்குப் புதிதல்ல. தெற்கே பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டெம்பர்கிலும் ஊராட்சி, நகராட்சித் தேர்தல்களில் பல பத்தாண்டுகளாக நடப்பதுதான். அங்கே ஊர் வைத்தியரையும் தீயணைப்புப் படைத் தலைவரையும் கட்சி பார்க்காமல் குறியிட்டு மேலே தூக்குவார்கள். இலங்கையில் விருப்பு வாக்கு போட்டுப் பழகியவர்களுக்கு இதில் பாதி உடனே விளங்கிவிடும்; கட்சி தாண்டிக் கலக்கலாம் என்ற மறுபாதிதான் புதிது. சந்தேகம் வேறோர் இடத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரைத் தெரிந்த சிற்றூருக்குப் பொருந்துவது, பதினேழு லட்சம் பேர் வாழும் துறைமுக நகரத்துக்குப் பொருந்துமா?

அதைச் சோதித்துப் பார்ப்பதற்குள் சட்டமே மாறிப்போனது. அன்றைய ஆளும் கட்சி சி.டி.யூ.; முதல் மேயர், அதாவது மாநில அரசின் தலைவர், ஓலே ஃபொன் பாய்ஸ்ட். அவையில் 121க்கு 63, தனிப் பெரும்பான்மை. மக்கள் வாக்கெடுப்பை மீறுவது அந்த அரசுக்குப் புதிதுமல்ல. 2004 பிப்ரவரியில் நகர மருத்துவமனைகளின் பெரும்பங்கை விற்கக் கூடாது என்று முக்கால்வாசிக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. அரசு விற்றது. அந்த வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்தத் துணிச்சலில், 2006 அக்டோபரில், தேர்தல் சட்டத்தையும் தன் கட்சி வாக்குகளை மட்டும் வைத்துத் திருத்தியது. தொகுதியில் ஐந்து வாக்கு தங்கியது. மாநிலப் பட்டியலுக்கோ மறுபடியும் ஒரே வாக்கு, மறுபடியும் மூடிய வரிசை. மக்கள் எழுதிய சட்டம் ஒரு தேர்தலைக்கூடப் பார்க்காமலே உருமாறியது.

ஆகவே 2008 பிப்ரவரி 24 தேர்தல் ஒரு கலப்படம்: ஐந்தும் ஒன்றும் ஆறு. அதை எண்ணுவதற்கு ‘டிஜிட்டல் பேனா’ வாங்க ஏற்பாடு நடந்தது. முனையில் சிறு கேமரா. தாளில் குறி எங்கே விழுகிறது என்று பேனாவே பதிந்துகொள்ளும். கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற கணினிக்காரர்கள் அமைப்பு, அதில் எப்படிக் கைவைக்கலாம் என்று எடுத்துக்காட்டியது. 2007 நவம்பரில் பேனா கைவிடப்பட்டது. எண்ணிக்கை கைக்கே திரும்பியது. அந்தத் தேர்தலின் அரசியல் பலன், சி.டி.யூ.வும் பசுமைக் கட்சியும் சேர்ந்து ஒரு ஜெர்மன் மாநிலத்தில் அமைத்த முதல் கூட்டணி. அது வேறு கதை.

இயக்கம் ஓயவில்லை. 2009 தொடக்கத்தில் மறுபடியும் கையெழுத்து வேட்டைக்கு இறங்கியது. வாக்காளரில் இருபதில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டால் சட்டமன்றம் பதில் சொல்லியே ஆக வேண்டும்; அந்த அளவைத் தாண்டியது. இன்னொரு வாக்கெடுப்பில் தோற்பதைக் கட்சிகள் விரும்பவில்லை. அந்த ஆண்டே சமரசம் ஏற்பட்டது. பட்டியலுக்கும் ஐந்து வாக்கு திரும்ப வந்தது. அந்த ஐந்தைத் தனி ஆள்களுக்கும் போடலாம், ‘வரிசை எனக்குச் சம்மதம்’ என்று பட்டியல் முழுமைக்கும் போடலாம். இதை ஒட்டி அரசியல் சாசனத்திலும் ஒரு பூட்டு விழுந்தது: தேர்தல் சட்டத்தை இனித் திருத்த மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை வேண்டும், அப்படித் திருத்தினாலும் வாக்காளரில் 2.5 சதவீதம் பேர் மூன்று மாதத்துக்குள் கையெழுத்திட்டால் விஷயம் மக்கள் வாக்கெடுப்புக்குப் போகும்.

புதிய முறை பயன்பாட்டுக்கு வந்த 2011 தேர்தல், காலத்துக்கு முந்தி வந்தது. 2010 ஜூலை 18 அன்று அரசின் பள்ளிச் சீர்திருத்தத்தை மக்கள் வாக்கெடுப்பு தோற்கடித்தது. அதே நாளில் ஃபொன் பாய்ஸ்ட் பதவி விலகலை அறிவித்தார். அடுத்து வந்த கிறிஸ்டோஃப் ஆல்ஹவுஸுடன் பசுமைக் கட்சிக்கு ஒத்துப்போகவில்லை. நவம்பரில் கூட்டணி உடைந்தது. அதற்குள் நகரத்தின் காசும் பேச்சாகியிருந்தது. எல்பே நதிக்கரை இசை மாளிகையில் நகரத்தின் பங்கு 77 மில்லியன் யூரோ என்று தொடங்கி 323 மில்லியனுக்கு ஏறியிருந்தது. மாளிகையில் அப்போது ஒரு கச்சேரிகூட நடக்கவில்லை.

முடிவு ஒருபக்கமாகச் சாய்ந்தது. ஓலாஃப் ஷோல்ட்ஸ் தலைமையில் சமூக ஜனநாயகக் கட்சி, எஸ்.பி.டி., 48.4 சதவீதத்துடன் 62 இடங்கள். சி.டி.யூ. 42.6இலிருந்து 21.9க்கு விழுந்தது, 28 இடங்கள். பசுமைக் கட்சி 14, தாராளவாதிகளான எஃப்.டி.பி. 9, இடதுசாரிக் கட்சி 8. நான்கு ஆண்டுக்கு முன் இதே எஸ்.பி.டி.யின் உட்கட்சித் தேர்தலில் ஆயிரத்தையொட்டிய தபால் வாக்குகள் மாயமாகி, கட்சி ஊர்ச் சிரிப்புக்கு ஆளாகியிருந்தது. யார் எடுத்தார்கள் என்பது கடைசிவரை வெளிவரவில்லை.

இனி நம் கேள்விக்கு வரலாம். பத்து வாக்கு இந்த முடிவில் என்ன செய்தது?

கட்சிகளின் பலத்தில் ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. மொத்த இடங்களைக் கட்சிகளுக்குப் பிரிப்பது மஞ்சள் புத்தகத்து வாக்குகளின் விகிதம்தான். தொகுதியில் ஜெயித்த இடங்கள் அந்தப் பங்கிலிருந்து கழிக்கப்படும். சி.டி.யூ. வாக்கில் பாதி கரைந்தது மக்கள் சலிப்பால். ஒற்றை வாக்கு முறையிலும் அது கரைந்தே இருக்கும்.

சீர்திருத்தம் தொட்டது கட்சிக்குள் யார் உட்காருகிறார் என்பதை. தொகுதியில் பட்டியல் வாக்கே கிடையாது, எல்லாம் ஆளுக்குத்தான். கட்சி முதலிடத்தில் வைத்தவரைத் தாண்டி மூன்றாமவர் அதிக வாக்கு வாங்கினால் அவருக்கே இடம். எனவே வேட்பாளர்கள் எதிர்க்கட்சியோடு போட்டியிட்ட அதே தெருவில் சொந்தக் கட்சிக்காரரோடும் போட்டியிட்டார்கள். கட்சிச் சின்னம் சிறுத்து, சொந்த முகம் பெருத்த சுவரொட்டிகள் இந்த முறையின் இயல்பான குழந்தைகள்.

மாநிலப் பட்டியலில் கணக்கு இன்னும் வினோதம். அதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். ஒரு கட்சிக்குப் பட்டியலிலிருந்து இருபது இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு விழுந்த வாக்குகளில் அறுபது சதவீதம் ‘பட்டியல் முழுமைக்கும்’, நாற்பது சதவீதம் தனி ஆள்களுக்கு. அப்படியானால் பன்னிரண்டு இடம் கட்சி வகுத்த வரிசைப்படி. எட்டு இடம் தனி வாக்கு அதிகம் வாங்கியவர்களுக்கு. நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் தனி வாக்குகளில் பெரும்பகுதி யாருக்கு விழும்? எல்லோருக்கும் தெரிந்த முதல் வேட்பாளருக்கு. ‘நான் ஷோல்ட்ஸை நம்புகிறேன்’ என்று ஐந்து குறியையும் அவருக்கே போடுகிறவர், அவர் எப்படியும் உள்ளே வருபவர் என்பதால், அவருக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. தனி வாக்கின் பங்கைப் பெருக்கி, வரிசை இடங்களைக் குறைத்து, பட்டியலின் அடியில் இருக்கும், சொற்பத் தனி வாக்கே வாங்கிய ஒருவரை மேலே கொண்டுவருகிறார். தலைவருக்குப் போட்ட வாக்கு தலைவரின் சகாக்களுக்கு எதிராக வேலை செய்கிறது. வாக்காளர் நினைத்தது ஒன்று, சூத்திரம் செய்தது வேறொன்று. இதற்கு மேல் ஒரு சுவை: ஹம்பர்க்கில் மேயரோ அமைச்சரோ ஆனவரின் சட்டமன்ற இடம் ‘ஓய்வில்’ வைக்கப்பட்டு, அதில் பதிலாள் உட்காருவார். ஐந்து குறியும் வாங்கிய ஷோல்ட்ஸ் மேயரானதும், அவரது உறுப்பினர் நாற்காலி பதிலாளுக்குப் போனது.

என் பார்வையில் சீர்திருத்தத்தின் பலவீனமான கணு இதுதான். புத்தகம் தடிமன் என்பதல்ல குறை. தடித்த புத்தகத்தை மக்கள் பழகிக்கொள்வார்கள். தான் போட்ட குறி என்ன செய்யும் என்று வாக்காளரால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்பதே குறை. செல்லாத வாக்குகளைப் பற்றித்தான் நாளிதழ்கள் எழுதின. அவை மூன்று சதவீதத்தையொட்டி ஏறின என்பது உண்மை. ஐந்துக்கு மேல் குறி போட்டால் செல்லாது என்ற விதியில் சிலர் தடுக்கி விழுவது எதிர்பார்த்ததுதான். ஆனால் செல்லுபடியான வாக்குகளுக்குள் எத்தனை, போட்டவர் எண்ணத்துக்கு எதிராக வேலை செய்தன என்பதை எந்த எண்ணிக்கை மேசையும் கண்டுபிடிக்க முடியாது.

எண்ணிக்கை மேசை என்றதும் நினைவுக்கு வருகிறது: சுமார் ஏழு லட்சம் பேர் வாக்களித்த தேர்தலில் எஸ்.பி.டி. மட்டும் பதினாறு லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கியதாக அட்டவணைகள் சொல்லும். அச்சுப் பிழை அல்ல, ஆளுக்கு ஐந்து. இந்த மலையை ஒரே இரவில் கையால் எண்ண முடியாது. எனவே தேர்தல் இரவில் பட்டியல் வாக்குகளைக் கட்சிவாரியாக மட்டும் எண்ணி அறிவிப்பார்கள். யார் யார் உறுப்பினர் என்பது அடுத்தடுத்த நாட்களில் தெரியவரும்.

வாக்காளர் வருகைக் கணக்குதான் விவாதத்தை அதிகம் சூடாக்கியது. 2004இல் 68.7 சதவீதம், 2008இல் 63.5, 2011இல் 57.3, 2015இல் 56.5. இறங்குபடி. அதில் 2015 கூடுதல் வேதனை. பதினாறு வயதினருக்கு வாக்குரிமை கொடுத்த முதல் சட்டமன்றத் தேர்தல் அது. ‘புத்தகம் ஏழைகளைத் துரத்திவிட்டது’ என்று விமர்சகர்கள் சொன்னார்கள். வருகையின் வரைபடம் அவர்களுக்குச் சாதகமாகவே இருந்தது. எல்பேக் கரையோரத்துப் பணக்கார பிளாங்கனேஸேயில் வாக்களித்தவர்கள் மிகுதி. கிழக்கிலும் தெற்கிலும் குடியேறிகளும் தொழிலாளரும் நெருக்கியடிக்கும் பில்ஷ்டெட், வில்ஹெல்ம்ஸ்பர்க் பக்கம் பாதிக்கும் குறைவு. பெர்டெல்ஸ்மன் அறக்கட்டளை 2015 தேர்தலை அலசி, வருகை சமூகநிலையோடு ஒட்டிப் பிளந்து கிடப்பதைக் காட்டியது.

பக்கத்துச் சிறு மாநிலம் பிரேமனும் இதே கதையைச் சொல்வதுபோலத் தெரிந்தது. அங்கும் அதே இயக்கம் 65 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்ட, சட்டமன்றம் அந்த வரைவை அப்படியே ஏற்றது. 2011 மே 22இல் ஐந்து வாக்குடன் தேர்தல். ஜெர்மனியில் பதினாறு வயதினர் வாக்களித்த முதல் மாநிலத் தேர்தலும் அதுவே. வருகை 55.5 சதவீதம், 2015இல் 50.2, மேற்கு ஜெர்மன் மாநிலங்கள் எதிலும் அதுவரை காணாத தாழ்வு.

இரண்டு மாநிலமும் ஒரே மாதிரி விழுந்தால் காரணம் புத்தகம்தானே என்று கேட்கத் தோன்றும். இங்கே நான் விமர்சகர்களிடமிருந்து பிரிகிறேன். 2014இல் சாக்ஸனியில் 49.1 சதவீதம், பிராண்டன்பர்கில் 47.9 சதவீதம்தான் வாக்களித்தார்கள். அங்கே புத்தகமும் இல்லை, குவிப்பும் கலப்பும் இல்லை. வழக்கமான இரண்டு வாக்குச் சீட்டு. அந்த ஆண்டுகளில் ஜெர்மனி எங்கும் மாநிலத் தேர்தல்களுக்குச் சோர்வு பிடித்திருந்தது. பிரேமனில் 2019இல் ஐரோப்பியத் தேர்தலோடு சேர்த்து நடத்தியபோது, அதே ஐந்து வாக்கில், வருகை 64 சதவீதமாக ஏறியது. ஹம்பர்க்கில் 2020இல் 63 சதவீதம். 2025 மார்ச் 2இல், கூட்டாட்சித் தேர்தல் முடிந்த அடுத்த ஞாயிறே, 67.7 சதவீதம். புத்தகம் அதேதான், பத்து வாக்கும் அவையேதான். சிக்கலான சீட்டு மக்களை நிரந்தரமாக வீட்டில் உட்கார வைத்திருந்தால் அவர்கள் திரும்பி வந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பில்ஷ்டெட்டுக்கும் பிளாங்கனேஸேக்கும் இடையிலான பள்ளம் வருகை ஏறியதால் மட்டும் தூர்ந்துவிடாது. ஏற்கெனவே தயங்குகிறவருக்கு முன்னால் தடித்த புத்தகத்தை நீட்டுவது உதவியில்லை என்று சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்லை.

முறையின் விசித்திரங்கள் முழுதாக வெளிப்பட்டது 2020இல். தேர்தல் இரவில் எஃப்.டி.பி., ஒரு கட்சி அவைக்குள் நுழையத் தாண்ட வேண்டிய ஐந்து சதவீதக் கோட்டின் மேல் சரியாக நின்றது. லாங்கன்ஹார்ன் பகுதியில் ஒரே ஒரு வாக்குச்சாவடியில் அக்கட்சிக்கு 22.4 சதவீதமும் பசுமைக் கட்சிக்கு 5.1 சதவீதமும் என்று பதிவாகியிருந்தது. ஊரை அறிந்த எவருக்கும் அது தலைகீழ் என்று தெரியும். இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தன. திருத்தியதும் கட்சி கோட்டுக்குக் கீழே சரிந்தது. ஆனால் அதன் முதன்மை வேட்பாளர் அன்னா ஃபொன் ட்ரொயன்ஃபெல்ஸ்-ஃப்ரோவைன், பிளாங்கனேஸே தொகுதியில் ஜெயித்திருந்ததால் தனியொருவராக அவைக்கு வந்தார். கட்சி வெளியே, ஆள் உள்ளே. சி.டி.யூ.வுக்கு நேர்மாறு நடந்தது. அதன் 15 இடங்களும் தொகுதிகளிலேயே நிரம்பிவிட, பட்டியலுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பட்டியலின் தலையில் நின்ற மார்குஸ் வைன்பர்க், கட்சியின் மேயர் வேட்பாளர், உறுப்பினராகவே ஆகவில்லை. மூடிய பட்டியல் காலத்தில் முதலிடத்துக்காரர் வெளியே நிற்பதைக் கற்பனையும் செய்திருக்க முடியாது. 1993 தீர்ப்பை எழுதிய நீதிபதிகள் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்களோ.

இவ்வளவையும் தராசில் போட்டால், குவிப்பும் கலப்பும் தந்தது மிதமான பலன். பட்டியல் கணக்கின் குழப்பம் அதில் கணிசமாகத் தின்றுவிட்டது. இந்தச் சீர்திருத்தத்தைப் பற்றிய பேச்சில் ஓரமாகத் தள்ளப்படும் அந்த அரசியல் சாசனப் பூட்டைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 2006இல் 63 பேர் கை தூக்கியதும் மக்கள் எழுதிய சட்டம் மாறியது. 2011இல் எஸ்.பி.டி.யிடம் 62 பேர் இருந்தார்கள்; அதே தனிப் பெரும்பான்மை, ஏறக்குறைய அதே எண்ணிக்கை. தங்களைப் பதவியில் அமர்த்திய முறையைத் தங்களுக்கு வசதியாகச் செதுக்கிக்கொள்ள அவர்களால் முடியவில்லை. முழு அவையில் மூன்றில் இரண்டு என்றால் 81. வாக்களிக்கும் வயதைப் பதினெட்டிலிருந்து பதினாறாக்க 2013இல் முடிவெடுத்தபோதும் ஷோல்ட்ஸின் கட்சி மற்றவர் வாசலுக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. தன்னுடைய 62, பசுமைக் கட்சியின் 14, இடதுசாரிகளின் 8, கூட்டினால் 84.